கொத்தடிமை முறை குறித்து ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்வது எப்படி: வழக்கறிஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருப்பூரிலோ கரூரிலோ உள்ள ஒரு ஏற்றுமதி நிறுவனம் உங்களை அழைக்கும்போது பெரும்பாலும் விஷயம் இதுதான்: இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கும் வாங்குநர் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருப்பார். "உங்கள் உற்பத்தியில் நவீன அடிமைமுறை இல்லை என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?" என்று அதில் கேட்டிருப்பார். ஒரு வாரத்தில் பதில் வேண்டும். ஆகவே நிறுவனம் உங்களிடம் ஒரு கொள்கை அறிக்கை எழுதித் தரச் சொல்லும்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் வழக்கறிஞர்கள் உடனே அறிக்கையை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் "எங்களிடம் கட்டாய உழைப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு உண்மை வெளிவரும்போது அந்தத் தாளே நிறுவனத்துக்கு எதிரான சான்றாகிவிடும். அதைவிட முக்கியமாக, உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கீழே உள்ள வரிசைப்படி போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சட்டம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை முழுதாகப் படியுங்கள், சிறிய சட்டம்தான். அதோடு கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, அதற்கு உச்ச நீதிமன்றம் 1982-லும் (ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கு) 1984-லும் (பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு) தந்த விளக்கங்கள், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஆகியவை வேண்டும்.

ஊதியம், ஒப்பந்தத் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர் ஆகியவற்றுக்கான பழைய மத்தியச் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைப் போட்டு கருத்துரை எழுதுவது இன்றைக்கு அடிக்கடி நடக்கும் தவறு. மாநில விதிகளின் நிலையையும் வேலை தொடங்கும் அன்றே பார்த்துவிடுங்கள். 1976 சட்டம் இந்தத் தொகுப்புகளில் சேரவில்லை, அது தனியாக அப்படியே நிற்கிறது.

அடுத்து, வாங்குநரின் நாட்டுச் சட்டம். இங்கிலாந்தின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, அங்கு தொழில் செய்யும், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள் மீது ஆண்டறிக்கைக் கடமையை வைக்கிறது. கடமை வாங்குநருடையது, ஆனால் கேள்வி உங்கள் கட்சிக்காரருக்கு வருகிறது. அமெரிக்கா அப்படி இல்லை. அங்கே 1930-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 307-ஆம் பிரிவுப்படி, கட்டாய உழைப்பில் உருவானது என்று கருதினால் சரக்கையே துறைமுகத்தில் நிறுத்த முடியும். 2022-ல் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் பொருட்களுக்கு அப்படித் தடை வந்து, பின்னர் விலக்கப்பட்டது. கட்டாய உழைப்பில் உருவான பொருட்களுக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு தடைவிதியும் 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது.

2. பணி ஏற்புக் கடிதத்தில் எழுத வேண்டியவை

உங்கள் கட்சிக்காரர் நிறுவனம். நிர்வாக இயக்குநரோ மனிதவள மேலாளரோ அல்ல. மேலாளரே ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டிடம் கமிஷன் வாங்குகிறவராக இருக்கலாம் என்பதால் இதைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

மூன்று உரிமைகளை எழுத்தில் வாங்குங்கள்: நிர்வாகம் உடன் இல்லாமல் தொழிலாளர்களிடம் பேசும் உரிமை, மூலப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை, குழந்தைத் தொழிலாளியோ கொத்தடிமையோ இருப்பது தெரிந்தால் நிறுவனம் என்ன செய்யும் என்ற முன் ஒப்புதல். கண்டுபிடித்த பிறகு இந்த ஒப்புதலைக் கேட்டால் கிடைக்காது. அந்த நேரத்தில் எல்லோரும் பயந்துபோயிருப்பார்கள்.

ரகசியக் காப்பின் எல்லையையும் சொல்லிவிடுங்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சட்டவிரோதச் செயலை மேற்கொண்டு நடத்துவதற்காகச் சொல்லப்படும் பேச்சுக்கு அது இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

3. சங்கிலியை வரையுங்கள்

ஒரு டி-ஷர்ட் எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்பதை ஒரே தாளில் வரையுங்கள். ஜின்னிங், நூற்பாலை, நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயங்கள்: ஊர், ஆள் எண்ணிக்கை, ஆள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள்.

பலர் நேரடி சப்ளையரோடு நிறுத்திவிடுகிறார்கள். திருப்பூர் தையல் நிலையம் ஓரளவு கண்காணிப்பில் இருப்பது. ஆபத்து அதிகமுள்ள இடங்கள் இரண்டு: திண்டுக்கல், ஈரோடு, நாமக்கல், விருதுநகர் பக்கத்தில் விடுதியோடு சேர்ந்த நூற்பாலைகள், அப்புறம் அவசர ஆர்டர் வரும்போது வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பவர் டேபிள் கான்ட்ராக்டர்கள் (சிறு தையல் கூடம் நடத்துபவர்கள்). இரண்டாவது வகை எந்தப் பட்டியலிலும் இருக்காது. கணக்குப் பிரிவில் போய் ஜாப் ஒர்க் பில்களைக் கேளுங்கள், யார் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011-ல் ஏற்ற வணிக–மனித உரிமை வழிகாட்டு நெறிகள் சொல்வதுபோல், தீங்கு எங்கே மிகக் கடுமையோ அங்கே முதலில் போங்கள். அதிகம் கொள்முதல் செய்யும் ஆலை எது என்பது இரண்டாவது கேள்வி.

4. ஆள் எப்படி வந்தார் என்று கண்டுபிடியுங்கள்

கொத்தடிமை முறை பெரும்பாலும் ஆலையின் வாசலுக்கு வெளியே, ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏஜென்ட் ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ, அல்லது நம் தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலோ, ஒரு குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்கிறார். மருத்துவச் செலவு, அக்காவின் கல்யாணம், பழைய கடன் என்று ஏதோ ஒரு நெருக்கடி. அந்தப் பணத்துக்கு ஈடாக ஒரு ஆள் வேலைக்கு வருகிறார்.

கேட்க வேண்டியவை: ஏஜென்ட்டுக்குப் பணம் யார் தருகிறார்கள்? ஒரு ஆளுக்கு இவ்வளவு என்றா, அந்த ஆள் வேலையில் தங்கியிருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்றா? இரண்டாவது முறையில் கொடுத்தால், ஆள் வெளியேறாமல் பார்த்துக்கொள்ள ஏஜென்ட்டுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. ரயில் டிக்கெட் பணம் யார் கணக்கு? ஆதார், வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது?

"நாங்கள் முன்பணம் கொடுப்பதே இல்லை" என்று ஆலை சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். கொடுத்தவர் ஏஜென்ட், பிடிப்பவரும் ஏஜென்ட். ஆனால் 1985-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்பந்தத் தொழிலாளரையும் வெளிமாநிலத் தொழிலாளரையும் வெளிப்படையாகவே கொத்தடிமை வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. இடையில் ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார் என்பதால் ஆலை தப்பிக்க முடியாது என்று கட்சிக்காரருக்கு இந்தக் கட்டத்திலேயே விளக்குங்கள்.

5. சம்பளத் தாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பதிவேடு மட்டும் போதாது. ஒரே மாதத்துக்கு, அதே ஆட்களுக்கு, ஐந்து ஆவணங்களை ஒன்றாக வையுங்கள்: வருகைப் பதிவேடு, கேட் பதிவேடு, விடுதி வார்டனின் நோட்டு, சம்பளத் தாள், வங்கி வரவு. ஆலை தயாரித்து வைத்திருப்பது வருகைப் பதிவேடும் சம்பளத் தாளும்தான். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் நோட்டை யாரும் திருத்தி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு பெண் தொழிலாளிக்கு நாள் கூலி 480 ரூபாய், 26 நாள், ஆக 12,480 ரூபாய். பிடித்தம்: விடுதிச் சாப்பாடு 2,400, முன்பணம் 3,000, வேன் மற்றும் இதர செலவு 480. மொத்தம் 5,880. ஊதியத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. இந்தத் தாள் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. புதியவர் இதோடு டிக் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

இப்போது கேட் பதிவேட்டைப் பாருங்கள். இடைவேளை போக ஒரு நாளைக்கு 12 மணி நேரம் உள்ளே இருந்து வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 4 மணி நேரம் கூடுதல், 26 நாளுக்கு 104 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 120. கணக்குப் போட்டால் 12,480 ரூபாய். அதாவது இன்னொரு முழு மாதச் சம்பளம் அந்தப் பெண்ணுக்கு வராமலே போயிருக்கிறது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவின்படி கட்டாய உழைப்பு என்று 1982 தீர்ப்பு சொல்கிறது. வறுமையும் பசியும் ஒரு மனிதரை வேலைக்குத் தள்ளுவதும் கட்டாயம்தான் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. எனவே "அவர்களாகத்தானே வந்தார்கள்" என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. 480 ரூபாய் என்பது 12 மணி நேரத்துக்கா 8 மணி நேரத்துக்கா என்பதைப் பொறுத்து முழு முடிவும் மாறிவிடும்.

அடுத்து நிறுத்திவைத்த பணம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று ஆண்டு முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கிய முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. பதிலாக 'திட்டத் தொகை', 'முழு வருகை ஊக்கத்தொகை', 'ஒப்பந்த முடிவு போனஸ்' என்று ஏதாவது இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள். நடுவில் விலகினால் உழைத்த மாதங்களுக்கான பங்கு கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். கிடைக்காது என்றால் அது அந்தப் பெண்ணைப் பிடித்து வைக்கும் கயிறு.

விலகியவர்களின் கணக்கையும் பாருங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் விலகிய இருபது பேருக்கு எப்போது பணம் போனது என்று வங்கிக் கணக்கில் தேடுங்கள். வேலையில் இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதை இந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

6. கேட்டும் விடுதியும்

விடுதி 2014 சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இது சீக்கிரம் முடிகிற வேலை.

அதன் பிறகு, வெளியே போகும் வழி. ஷிப்ட் முடிந்த பெண் தன்னிஷ்டப்படி கடைக்குப் போகலாமா, வாரம் ஒரு நாள் வார்டனோடு கும்பலாகத்தான் போக முடியுமா? செல்போன் கையிலேயே இருக்கிறதா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர வேறு லீவு கிடைக்குமா?

இங்கே நிர்வாகம் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கும்: "பெற்றோர்தான் வெளியே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் பாதுகாப்புக்குத்தான்." பெற்றோரின் கவலை உண்மையானது. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் 18 வயது நிரம்பிய பெண்ணின் நடமாடும் சுதந்திரத்தைப் பெற்றோர் எழுதிக் கொடுத்து இன்னொருவர் பறிக்க முடியாது. நடமாடும் உரிமையை இழப்பது 1976 சட்டம் சொல்லும் கொத்தடிமை அடையாளங்களில் ஒன்று. பாதுகாப்புக்கு விளக்கு, வேன், பெண் காவலர் ஏற்பாடு செய்யலாம், பூட்டு போடக் கூடாது என்று கருத்துரையில் நேராக எழுதுங்கள்.

7. தொழிலாளர்களிடம் பேசுங்கள்

ஆவணங்களைப் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். என்ன கேட்பது என்று அப்போதுதான் தெரியும். ஆவணம் பார்க்காமல் போனால் பொதுவான கேள்விகளைக் கேட்டு, ஆலை சொல்லிக்கொடுத்த பதில்களை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

யாரிடம் பேசுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். மேலாளர் அனுப்பும் ஆட்கள் ஆடிட்டுக்குப் பழகியவர்கள். பேச்சு ஆலைக்கு வெளியே, விடுமுறை நாளில் நடக்கட்டும். பெண்களிடம் பெண்ணே பேச வேண்டும். ஒடியா, இந்தி பேசுகிறவர்களுக்குக் கான்ட்ராக்டரின் ஆளை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது. உள்ளூர்த் தொழிற்சங்கமோ பெண்கள் அமைப்போ அறிமுகம் செய்துவைத்தால் பயம் குறையும்.

"உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்:

"போன தடவை ஊருக்குப் போக லீவு கேட்டப்ப என்ன சொன்னாங்க?"

"நாளைக்கே வேலைய விட்டுட்டுப் போகணும்னா யார்கிட்ட சொல்லணும்? ஏதாவது கட்டணுமா?"

"அட்வான்ஸ் இன்னும் எவ்வளவு பாக்கி? அந்தக் கணக்கு யார்கிட்ட இருக்கு?"

கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். பாக்கி எவ்வளவு என்று தொழிலாளிக்கே தெரியாமல், நோட்டு மட்டும் ஏஜென்ட்டிடம் இருந்தால், அந்தக் கடனுக்கு முடிவே கிடையாது.

பெயரைக் குறிக்காதீர்கள், எண் போடுங்கள். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் உங்கள் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து பேர் மட்டும் இருக்கும் ஒரு பிரிவைப் பற்றி அறிக்கையில் எழுதும்போது, யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி தொடர்பு கொண்டு, பேசியதற்காக யாருக்காவது ஷிப்ட் மாற்றமோ வேலை நீக்கமோ நடந்ததா என்று விசாரியுங்கள். அப்படி நடந்திருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள்.

8. கண்டதைச் சட்டத்தோடு பொருத்துங்கள்

எல்லாவற்றையும் 'நவீன அடிமைமுறை' என்று எழுதினால் கட்சிக்காரர் நம்ப மாட்டார். எல்லாவற்றையும் 'சிறு குறைபாடு' என்று எழுதினால் நீங்கள் உங்கள் வேலையைச் செய்யவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளை ஒரு பக்கம் வையுங்கள்: ஏமாற்று, நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், மிரட்டல், அடையாள ஆவணம் பறித்தல், ஊதியம் நிறுத்தல், கடன் பிணை முதலானவை. அறிகுறிகள் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன என்று பாருங்கள்.

முன்பணமோ வேறு கடப்பாடோ இருந்து, அதோடு குறைந்தபட்சத்துக்குக் கீழான கூலி, வேறு வேலைக்குப் போக முடியாமை, நடமாட முடியாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் 1976 சட்டம் வந்துவிடும். கட்டாயப்படுத்தி வேலை வாங்கியது தெரிந்தாலே, அது முன்பணத்துக்கோ வேறு பொருளாதாரப் பயனுக்கோ ஈடாகத்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும் என்பது 1984 தீர்ப்பு. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு 15-ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவருடையது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. நிறுவனம் குற்றம் செய்தால் பொறுப்பில் இருந்த இயக்குநர்களையும் 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு தொடும். இதைச் சொல்லும்போதுதான் நிர்வாகக் குழு நிமிர்ந்து உட்காரும்.

9. முதலில் ஆட்களுக்கு நிவாரணம்

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆலையோடு கொள்முதலை உடனே நிறுத்துவது. ஏற்றுமதியாளர் கை கழுவிவிடலாம், ஆனால் உள்ளே இருப்பவர்களின் பாக்கி காற்றில் போய்விடும். பாக்கியைக் கொடுக்க வைப்பதற்கு இருக்கும் ஒரே பிடி அடுத்த ஆர்டர். ஆலை திருந்த மறுத்தால் மட்டும் வெளியேறுங்கள்.

இரண்டு, "முன்பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகட்டும்" என்ற சமரசம். 1976 சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் அழிந்துவிடுகிறது. அழிந்த கடனை வாங்குவதே 9-ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு ஒரு வழக்கறிஞர் உடந்தையாக இருக்கக் கூடாது.

மூன்று, இரவோடு இரவாக ரயிலேற்றி ஊருக்கு அனுப்புவது. அது சான்றை அழிப்பது. மேலும் வருவாய்க் கோட்டாட்சியரின் விடுதலைச் சான்று இல்லாமல் போனால் மத்திய அரசின் மறுவாழ்வுத் தொகை அந்தத் தொழிலாளிக்குக் கிடைக்காது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு, அதற்குக் குற்றவழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முழு மறுவாழ்வுத் தொகை வகையைப் பொறுத்து 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை.

சரியான வரிசை: ஆவணங்களும் கார்டுகளும் அன்றே அவரவர் கையில். கேட்டுக் கட்டுப்பாடு நீக்கம். முன்பணம் ரத்து என்று அவரவர் மொழியில் எழுத்து. கூலி வித்தியாசமும் ஓவர்டைமும் வங்கிக் கணக்கில். கொத்தடிமை முறை என்று தெரிந்தால் கோட்டாட்சியரிடம் நிறுவனமே போய்ச் சொல்லட்டும். கட்சிக்காரர் இதற்கு மறுத்து, நடப்பது அப்படியே தொடர வேண்டும் என்றால், முறையான அறிவிப்பு கொடுத்து விலகிவிடுங்கள்.

10. ஒப்பந்தத்தைத் திருத்துவது

வாங்குநர் அனுப்பும் ஒப்பந்தத்தில் எல்லாப் பொறுப்பும் உற்பத்தியாளர் தலையில் இருக்கும். அதையே நகல் எடுத்து ஏற்றுமதியாளர் நூற்பாலைக்குக் கொடுப்பார். ஆலை கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும். யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கட்சிக்காரருக்காக வாங்குநரிடம் பேரம் பேசுங்கள். குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் விலையும் உயரும் என்ற விதி, கடைசி நேர அளவு மாற்றத்துக்குக் கூடுதல் நாள், நிவாரணச் செலவில் பங்கு ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஏழு நாளில் முடியாத ஆர்டரை ஏழு நாளில் கேட்டால், அந்த வேலை பவர் டேபிளுக்குத்தான் போகும். கீழ்நோக்கிய ஒப்பந்தத்தில் ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும், அனுமதி இல்லாமல் உள்குத்தகை கூடாது என்று எழுதுங்கள்.

11. புகார் சொல்லும் வழி

கேட்டருகே தொங்கும் புகார்ப் பெட்டியில் யாரும் தாள் போடுவதில்லை, மேலே கேமரா இருக்கிறது. மாற்று என்ன என்பதற்கு 2022-ஆம் ஆண்டின் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்வேன். ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஆலை நிறுவனமும் பன்னாட்டு பிராண்டுகளும் சேர்ந்து போட்டது அது. அதன்படி தொழிலாளர்களே பயிற்சி பெற்று ஷாப் ஃப்ளோர் (உற்பத்திக்கூட) கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள், ஆலை விதியை மீறினால் பிராண்டுகள் தரும் வணிகத்தில் விளைவு உண்டு என்று இருந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதுதான் அதன் பலம்.

12. இப்போது அறிக்கை எழுதுங்கள்

முன்னே செய்தவற்றைச் சுருக்கமாக எழுதினாலே அறிக்கை வந்துவிடும். எந்த நிலைகளைப் பார்த்தோம், எவற்றை இன்னும் பார்க்கவில்லை, என்ன கண்டோம், எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி கொடுக்கப்பட்டது, அடுத்த ஆய்வு எந்த மாதம். "இல்லவே இல்லை" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பார்த்த இடங்களில், இந்தத் தேதி வரை" என்று எழுதுங்கள். நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு ஒரு இயக்குநர் கையெழுத்திடட்டும். கையெழுத்திடும் முன், சம்பளக் கணக்கு இணைப்பை அவர் முன்னால் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். பாக்கித் தொகை வங்கியில் ஏறிய ரசீதுகள் வந்து சேரும் வரை அறிக்கையை வாங்குநருக்கு அனுப்ப வேண்டாம்.